கெர்னல் டிரைவரில் எம்மேப் தகராறா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

லினக்ஸில் ஒரு டிரைவருக்கு எம்மேப் (டிரைவரிடம் இருக்கும் மெமரியை யூசர் ப்ரோகிராம் நேரடியாகத் தொட வழி செய்யும் ஃபங்ஷன்) எழுதுவது பெரிய வேலை இல்லை, இருபது முப்பது வரிகளில் முடிந்துவிடும். அது தப்பாகப் போனால் கண்டுபிடிப்பதுதான் பாடு. கம்பைலர் ஒன்றும் சொல்லாது, டிரைவர் ஒழுங்காக லோட் ஆகும், யூசர் ப்ரோகிராமுக்கு ஒரு முகவரியும் கிடைத்துவிடும், அதைத் தொட்ட பிறகுதான் குப்பை டேட்டா வரும், இல்லையென்றால் சிக்பஸ் என்ற சிக்னல் வந்து ப்ரோகிராம் விழும், இன்னும் மோசமான சமயங்களில் எல்லாம் சரியாக இருப்பது போலவே ஓடிக்கொண்டிருந்து பாதி நாள் கழித்து சம்பந்தமே இல்லாத வேறொரு ப்ராசஸின் மெமரி கெட்டுப்போயிருக்கும்.

இந்த நிலையில் பலரும் செய்வது, பேஜின் (கெர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டு) ப்ரொடெக்ஷனை மாற்றிப் பார்ப்பது, ஃபிளாக் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது, இணையத்தில் கிடைத்த வேறொரு டிரைவரின் எம்மேப்பை எடுத்து ஒட்டிப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தற்செயலாக வேலை செய்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யூசரிடம் கொடுக்கப் போகும் இந்த மெமரி எங்கிருந்து வந்தது? டிவைஸின் ரெஜிஸ்டரா, டிஎம்ஏவுக்காக (டிவைஸே மெமரியை நேரடியாகப் படித்து எழுதுவது) டிஎம்ஏ_அலாக்_கோஹிரன்ட் கொடுத்ததா, விமலாக் கொடுத்ததா, நேரடியாக பேஜ் அலாகேட்டரில் இருந்து எடுத்ததா? நான் பார்த்தவரை எம்மேப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குத் தவறான பதிலை மனதில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஒரு வகை மெமரியை இன்னொரு வகைக்கான ஃபங்ஷனால் மேப் செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பொருத்தம் இதுதான். டிவைஸ் ரெஜிஸ்டர் என்றால் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச், அதைவிட நல்லது விஎம்_ஐஓமேப்_மெமரி. டிஎம்ஏ கோஹிரன்ட் பஃபர் என்றால் டிஎம்ஏ_எம்மேப்_கோஹிரன்ட், வேறு எதுவும் கூடாது. விமலாக் என்றால் ரீமேப்_விமலாக்_ரேஞ்ச். தனித்தனி பேஜ்கள் என்றால் விஎம்_இன்சர்ட்_பேஜ், அல்லது ஃபால்ட் ஹேண்ட்லர் எழுதி, தொடும்போது ஒவ்வொரு பேஜாகக் கொடுப்பது. கேமலாக் (கெர்னல் தன் சின்னத் தேவைகளுக்கு மெமரி வாங்கும் ஃபங்ஷன்) கொடுத்த மெமரியை யூசரிடம் கொடுக்கவே கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள்

எம்மேப் அழைப்பே தோற்கிறதா, அழைப்பு ஜெயித்துத் தொடும்போது சிக்னல் வருகிறதா, சிக்னல் இல்லாமல் தவறான டேட்டா வருகிறதா? மூன்றும் மூன்று வேறு தேடல்கள்.

அழைப்பே தோற்றால் எஸ்ட்ரேஸ் (ப்ரோகிராம் கெர்னலை அழைப்பதைக் காட்டும் கருவி) போட்டு எரர் கோடைப் பாருங்கள். ஈநோடெவ் வந்தால் உங்கள் ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்சரில் எம்மேப் ஃபங்ஷனே போடப்படவில்லை, கெர்னல் டிரைவர் வரைக்கும் போகவே இல்லை. ஈஆக்சஸ் வந்தால் பெரும்பாலும் டிவைஸ் ஃபைலைப் படிக்க மட்டும் திறந்துவிட்டு, எழுதும் உரிமையோடு ஷேர்டு மேப்பிங் கேட்டிருக்கிறார்கள், கோளாறு யூசர் பக்கம். ஈஇன்வால்தான் தொல்லை பிடித்தது, ஆஃப்செட் பேஜ் அளவின் மடங்காக இல்லாவிட்டாலும் அது வரும், உங்கள் டிரைவரே எல்லை சரிபார்த்துத் திருப்பினாலும் வரும், உள்ளே ரீமேப் செய்யும் ஃபங்ஷன் மறுத்தாலும் வரும். டிரைவரின் எம்மேப் ஃபங்ஷன் மீது ஒரு கேப்ரோப் (ஓடும் கெர்னலில் ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படுவதைக் கண்காணிக்கும் கொக்கி) வைத்தால் அது அழைக்கப்பட்டதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, பழைய உதாரணக் கோடுகளில் ரீமேப் தோற்றால் கண்ணை மூடிக்கொண்டு ஈஅகெய்ன் திருப்பும் வழக்கம் இருக்கிறது, அதை நகலெடுத்த டிரைவர்கள் ஏராளம். உண்மையான எரர் கோடை அப்படியே மேலே அனுப்புங்கள், பாதி டிபக்கிங் அதிலேயே மிச்சம்.

தொடும்போது விழுந்தால் சிக்னல் எது என்று பாருங்கள். சிக்செக்வி என்றால் அந்த முகவரியில் விஎம்ஏ (ப்ராசஸின் ஒரு முகவரிப் பகுதிக்குக் கெர்னல் வைக்கும் பதிவு) இல்லை, அல்லது உரிமை இல்லை. சிக்னலோடு வரும் சை_கோட் மதிப்பு இரண்டில் எது என்று சொல்லிவிடும். சிக்பஸ் என்றால் விஎம்ஏ இருக்கிறது, உரிமையும் இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்கு பேஜ் கொடுக்க ஆள் இல்லை, அல்லது ஹார்டுவேரே அந்த அணுகலை மறுத்துவிட்டது. எம்மேப் ஃபங்ஷன் எதையும் மேப் செய்யாமல் பூஜ்யத்தைத் திருப்பிவிட்டாலும் முதல் தொடுதலிலேயே சிக்பஸ் வரும். ஏதோ ஒரு இஃப் கிளையில் ரீமேப் அழைப்பைத் தாண்டிப் போய்விடும் டிரைவர்களில் இது அடிக்கடி நடக்கும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல டிவைஸ்

நிஜ ஹார்டுவேரில் தேடும் முன் கியூஇஎம்யு என்ற மெஷின் எமுலேட்டரில் வரும் எடு என்ற பிசிஐ டிவைஸை வைத்துப் பழகுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். டிரைவர் எழுதப் பழகுவதற்கென்றே செய்யப்பட்ட டிவைஸ் அது. 1 எம்பி அளவுள்ள ஒரே ஒரு பார் (பிசிஐ டிவைஸ் தன் ரெஜிஸ்டர்களைக் காட்டும் முகவரிப் பகுதி), அதன் முதல் ரெஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸில் 010000 என்று தொடங்கி ஈ, டி என்று முடியும் அடையாள எண் வர வேண்டும். 4-வது பைட்டில் இருக்கும் ரெஜிஸ்டரில் எதை எழுதினாலும் அதன் ஒவ்வொரு பிட்டும் புரட்டப்பட்டுத் திரும்பி வரும். மேப்பிங் சரியா என்று பார்க்க இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. படிப்பது சரியாக வந்து எழுதியது புரட்டப்படாமல் அப்படியே திரும்பி வந்தால், நீங்கள் எழுதியது டிவைஸுக்குப் போகவில்லை, ஏதோ சாதாரண ராமில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஆவதற்கு முதல் சந்தேகம் மேப்_ப்ரைவேட். ப்ரைவேட் மேப்பிங்கில் எழுதினால் கெர்னல் அந்த பேஜுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும், அதன்பின் எழுதுவதும் படிப்பதும் அந்த நகலில்தான், டிவைஸுக்கு எதுவும் தெரியாது. யூசர் பக்கக் கோடில் மேப்_ஷேர்டு என்று மாற்றினால் சரியாகிவிடும். டிரைவர் பக்கமும் விஎம்ஏவில் ஷேர்டு ஃபிளாக் இல்லையென்றால் ஈஇன்வால் திருப்பிவிடுங்கள், ரெஜிஸ்டர் மேப்பிங்கை ப்ரைவேட்டாகக் கேட்பதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

படித்ததெல்லாம் ஒன்று ஒன்றாக, அதாவது எல்லா பிட்டும் 1 ஆக வந்தால் பேஜ் டேபிளைச் சந்தேகப்படும் முன் பிசிஐ பக்கம் போங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாகப் போட்டுப் பார்த்தால் கண்ட்ரோல் வரியில் மெம் என்பதற்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருக்கும், டிவைஸ் மெமரி அணுகலுக்குப் பதில் சொல்லும் நிலையிலேயே இல்லை. டிரைவர் டிவைஸை எனேபிள் செய்யவில்லை, அல்லது டிவைஸ் பஸ்ஸில் இருந்தே காணாமல் போயிருக்கிறது.

உங்கள் டிரைவர் மேலேயே சந்தேகம் என்றால் அதைக் கழற்றிவிட்டு சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் டிவைஸ்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) அந்த பிசிஐ டிவைஸின் கீழ் இருக்கும் ரிசோர்ஸ்0 ஃபைலை நேரடியாக எம்மேப் செய்து அதே ரெஜிஸ்டரைப் படியுங்கள் (எனேபிள் ஃபைலில் 1 எழுதிவிட்டு). அங்கே சரியான மதிப்பு வந்து உங்கள் டிரைவர் வழியாக வராவிட்டால் ஹார்டுவேர் மேல் பழி இல்லை என்று உறுதியாகிவிட்டது. டிரைவர் அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சில கெர்னல் அமைப்புகளில் இந்த ஃபைலை மேப் செய்ய விடாது, அதனால்தான் கழற்றச் சொல்கிறேன்.

கெர்னல் உண்மையில் என்ன செய்தது என்று பார்ப்பது

ஊகிப்பதை நிறுத்திவிட்டு எண்களைப் பார்க்க வேண்டிய இடம் இது. ப்ராக் ஃபைல்சிஸ்டத்தின் அடியில் அந்த ப்ராசஸின் மேப்ஸ் ஃபைலில் உங்கள் டிவைஸ் பெயர் உள்ள வரியைப் பாருங்கள், தொடக்கம், முடிவு, உரிமை, ஆஃப்செட் எல்லாம் அங்கேயே இருக்கும். உரிமையின் கடைசி எழுத்து பி என்றால் ப்ரைவேட், எஸ் என்றால் ஷேர்டு. அப்புறம் ஸ்மேப்ஸ் ஃபைலில் அதே பகுதிக்குக் கீழே விஎம்ஃபிளாக்ஸ் என்று ஒரு வரி, இரண்டிரண்டு எழுத்துகளாக. ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் வேலை செய்திருந்தால் அதில் ஐஓ, பிஎஃப், டிஈ, டிடி நான்கும் இருந்தாக வேண்டும். விஎம்_இன்சர்ட்_பேஜ் வழியாக வந்திருந்தால் எம்எம் இருக்கும். நான் எழுதிய பாதை ஒன்று, கெர்னல் போன பாதை வேறு என்பதை இந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேஜ்மேப் ஃபைலைப் படித்தால் விர்ச்சுவல் முகவரிக்கு எந்த ஃபிசிக்கல் பேஜ் என்று தெரியும் என்பார்கள். உண்மைதான், முகவரியை பேஜ் அளவால் வகுத்து எட்டால் பெருக்கி அந்த இடத்தில் 8 பைட் படித்தால், கீழ் 55 பிட்டில் பேஜ் ஃப்ரேம் எண் இருக்கும், 63-வது பிட் பேஜ் இருக்கிறதா என்று சொல்லும். ரூட் உரிமை இல்லாமல் படித்தால் ஃப்ரேம் எண் பூஜ்யமாகத்தான் வரும், 4.2 கெர்னலில் இருந்து அப்படி. ஆனால் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் போட்ட மேப்பிங்குக்கு ரூட்டாகப் படித்தாலும் ஃப்ரேம் எண், 63-வது பிட் இரண்டும் பூஜ்யமாகத்தான் வரும், ஏனென்றால் அந்த வகை விஎம்ஏக்களை பேஜ்மேப் நடந்து பார்க்காமல் ஓட்டை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது. அதைப் பார்த்து மேப் ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பேஜ்மேப் விஎம்_இன்சர்ட்_பேஜ் வகைக்கு உதவும், ரெஜிஸ்டர் மேப்பிங்குக்கு உதவாது.

அந்த வகைக்கு நான் நம்புவது பிபிஎஃப்ட்ரேஸ், கேப்ரோப்களைச் சின்ன ஸ்க்ரிப்ட்டாக எழுத உதவும் கருவி. ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் மீது ஒரு கேப்ரோப் வைத்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆர்குமென்ட்டை ஹெக்ஸில் அச்சிடுங்கள், விர்ச்சுவல் முகவரி, பேஜ் ஃப்ரேம் எண், அளவு. கூடவே கெர்னல் ஸ்டாக்கும். டிரைவரைத் திரும்ப கம்பைல் செய்யவே வேண்டாம். க்ராஷ் என்ற கருவி கையில் இருந்தால் ஓடும் சிஸ்டத்திலேயே விடாப் கட்டளையைக் கொடுத்து அந்த ப்ராசஸின் பேஜ் டேபிளை நேரடியாக நடந்து ஃபிசிக்கல் முகவரியைப் பார்க்கலாம்.

கிடைத்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? ப்ராக் அடியில் உள்ள ஐஓமெம் ஃபைலோடு, ரூட்டாகப் படித்து. ஒரு உதாரணம் பார்ப்போம், டிவைஸின் பார் ஹெக்ஸில் 10000000-ல் தொடங்குகிறது, பேஜ் 4 கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேஜின் ஃப்ரேம் எண் 10000. யூசர் 4096 ஆஃப்செட் கொடுத்து எம்மேப் செய்தால் ப்ரோபில் 10001 வர வேண்டும். எந்த ஆஃப்செட் கொடுத்தாலும் 10000-மே வருகிறதா? அப்படியானால் டிரைவரில் விஎம்_பிஜிஆஃப்பை ஃபிசிக்கல் முகவரியோடு நேரடியாகக் கூட்டிவிட்டு அதன்பின் ஷிஃப்ட் செய்திருக்கிறார்கள். விஎம்_பிஜிஆஃப் பைட் கணக்கு இல்லை, பேஜ் கணக்கு, ஆஃப்செட் 4096 என்றால் அதில் இருப்பது வெறும் 1. அந்த 1-ஐ முகவரியோடு கூட்டி 12 பிட் வலப்பக்கம் தள்ளினால் காணாமல் போய்விடும், எல்லா ஆஃப்செட்டுக்கும் முதல் பேஜே தெரியும். மாறாக ப்ரோபில் 10000000 என்று வந்தால் ஃப்ரேம் எண் கேட்கும் இடத்தில் முழு முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள், கெர்னல் அதை 1 டிபி முகவரி என்று புரிந்துகொண்டு மேப் செய்துவிட்டது, அங்கே எதுவும் இல்லை.

பேஜ் அளவை 4096 என்றோ ஷிஃப்ட்டை 12 என்றோ கோடில் எண்ணாக எழுதியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ராஸ்பெர்ரி பை 5-ல் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் இயல்பு கெர்னல் 16 கேபி பேஜோடு வருகிறது, ஆர்ம்64 கெர்னலை 64 கேபி பேஜோடும் கட்டலாம். டெஸ்க்டாப்பில் ஓடி அங்கே ஓடாத டிரைவர் என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான். பேஜ் பெரிதாகும்போது இன்னொரு பிரச்சினையும் வரும், ரெஜிஸ்டர் பகுதி பேஜ் எல்லையில் தொடங்காமல் நடுவில் எங்கேயோ தொடங்கும், அப்போது யூசர் அந்த மிச்ச ஆஃப்செட்டைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

லாக்கில் முகவரி அச்சிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், 4.15 கெர்னலில் இருந்து சாதாரண பாயின்டர் ஃபார்மட் உண்மையான முகவரியைக் காட்டாது, ஹாஷ் செய்த ஏதோ எண்ணைத்தான் காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டு மணிக்கணக்கில் குழம்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டிபக் செய்யும் மெஷினில் மட்டும் நோ_ஹாஷ்_பாயின்டர்ஸ் என்ற பூட் ஆப்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெமரி வகை வாரியாக, வழக்கமான தவறுகள்

ரெஜிஸ்டர்: ஐஓரீமேப் திருப்பித் தந்த முகவரியை விர்ட்_டு_ஃபிஸ்ஸுக்கு (விர்ச்சுவல் முகவரியை ஃபிசிக்கலாக மாற்றும் ஃபங்ஷன்) கொடுத்து அதில் வந்ததை மேப் செய்வது மிகப் பரவலான தவறு. ஐஓரீமேப் தருவது கெர்னலின் தனி விர்ச்சுவல் முகவரி, விர்ட்_டு_ஃபிஸ் போடும் எளிய கழித்தல் கணக்குக்கு அது கட்டுப்படாது. பிசிஐ என்றால் பிசிஐ_ரிசோர்ஸ்_ஸ்டார்ட் தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவறைப் பிடிக்க கெர்னலிலேயே டிபக்_விர்ச்சுவல் என்ற கன்ஃபிக் இருக்கிறது, அதை ஆன் செய்தால் ஆர்ம்64-ல் லீனியர் அல்லாத முகவரிக்கு விர்ட்_டு_ஃபிஸ் பயன்படுத்தப்பட்டது என்று ஸ்டாக்கோடு எச்சரிக்கை வரும். கம்பைல் செய்யும்போது ஸ்பார்ஸ் என்ற கோட் சோதனைக் கருவியை ஓட்டுவதும் நல்லது, ஐஓமெம் பாயின்டர் சாதாரண பாயின்டரோடு கலக்கும் இடங்களைக் காட்டிவிடும்.

அப்புறம் கேஷ். ரெஜிஸ்டருக்கு பிஜிப்ராட்_நான்கேஷ்ட், ஃப்ரேம்பஃபர் போல வரிசையாக எழுதித் தள்ளும் இடத்துக்கு பிஜிப்ராட்_ரைட்கம்பைன். எக்ஸ்86-ல் ஒரே ஃபிசிக்கல் பகுதியை இரண்டு பேர் இரண்டு விதமான கேஷ் வகையில் மேப் செய்யப் பார்த்தால், எதிர்பார்த்தது ஒன்று கிடைத்தது வேறு என்று டிமெஸ்ஜியில் (கெர்னல் லாக்) எக்ஸ்86/பேட் என்று தொடங்கும் வரி வரும். அந்த வரியைக் கண்டும் காணாமல் போகாதீர்கள். டிபக்எஃப்எஸ்ஸில் பேட்_மெம்டைப்_லிஸ்ட் என்ற ஃபைலில் யார் எந்தப் பகுதியை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் இருக்கிறது.

ஆர்ம்64-ல் நான்கேஷ்ட் என்று மேப் செய்தால் அது டிவைஸ் வகை மெமரி ஆகிவிடும், அதில் அலைன் ஆகாத அணுகல் கூடவே கூடாது. யூசர் ப்ரோகிராம் அந்தப் பகுதியின் மேல் மெம்செட் அல்லது மெம்காப்பி போட்டால் லைப்ரரிக்குள் இருக்கும் வேகமான இன்ஸ்ட்ரக்ஷன்கள் டிவைஸ் மெமரியில் செல்லாமல் சிக்பஸ் வரும். எக்ஸ்86-ல் ஆண்டுக்கணக்கில் ஓடிய ப்ரோகிராம் ஆர்ம் போர்டில் விழ இதுவே போதும், டிரைவரில் என்னதான் தேடினாலும் காரணம் கிடைக்காது. ரெஜிஸ்டரை வோலடைல் 32 பிட் பாயின்டர் வழியாக ஒவ்வொன்றாகப் படியுங்கள். எடு டிவைஸிலும் ஹெக்ஸ் 80-க்குக் கீழே இருக்கும் ரெஜிஸ்டர்களை 4 பைட்டாக மட்டுமே அணுக வேண்டும் என்ற விதி உண்டு, நிஜ ஹார்டுவேர் பலவும் அப்படித்தான்.

டிஎம்ஏ பஃபர்: டிஎம்ஏ_அலாக்_கோஹிரன்ட் இரண்டு முகவரி தருகிறது, ஒன்று கெர்னல் பார்க்க, ஒன்று டிவைஸ் பார்க்க. இரண்டில் எதை எடுத்தும் நீங்களாகப் பேஜ் ஃப்ரேம் எண் கணக்கிடக் கூடாது. டிவைஸ் பார்க்கும் முகவரி ஐஓஎம்எம்யூ (டிவைஸின் முகவரிகளை மாற்றித் தரும் ஹார்டுவேர்) இருக்கும் மெஷினில் ஃபிசிக்கல் முகவரியே கிடையாது. கெர்னல் பார்க்கும் முகவரி பல ஆர்ம் போர்டுகளில் தனியாக ரீமேப் செய்யப்பட்டது, விர்ட்_டு_ஃபிஸ் அதற்குப் பொய் சொல்லும். ஐஓஎம்எம்யூ இல்லாத எக்ஸ்86 மெஷினில் இரண்டும் தற்செயலாகச் சரியாக வந்துவிடும், அதுதான் இந்தத் தவறை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கிறது. டிஎம்ஏ_எம்மேப்_கோஹிரன்ட்டுக்கு அதே டிவைஸ், அதே இரண்டு முகவரி, அதே அளவைக் கொடுத்தால் கேஷ் வகை உட்பட அது பார்த்துக்கொள்ளும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல டிரைவர்கள் எம்மேப் ஆஃப்செட்டை எந்த பஃபர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பயன்படுத்துகின்றன, 0 என்றால் முதல் பஃபர், ஒரு பேஜ் என்றால் இரண்டாவது, இப்படி. ஆனால் டிஎம்ஏ_எம்மேப்_கோஹிரன்ட் விஎம்_பிஜிஆஃப்பை அந்த பஃபருக்குள் எங்கிருந்து தொடங்குவது என்று எடுத்துக்கொள்கிறது. முதல் பஃபர் மட்டும் மேப் ஆகி, இரண்டாவதுக்கு ஈஎன்எக்ஸ்ஐஓ வந்தால் காரணம் இதுதான். தேர்ந்தெடுத்த பிறகு, அழைக்கும் முன், விஎம்_பிஜிஆஃப்பைப் பூஜ்யமாக்குங்கள்.

எரர் எதுவும் இல்லை, ஆனால் டிவைஸ் எழுதிய டேட்டா யூசருக்குச் சில சமயம் பழையதாகவே தெரிகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் படித்தால் சரியாகிவிடுகிறது என்றால் கேஷ் வழியாக மேப் ஆகியிருக்கிறது. கேஷ் வரி 64 பைட் என்று வைத்துக்கொண்டால் கெட்ட டேட்டாவும் 64 பைட் துண்டுகளாகத்தான் இருக்கும். வந்த பஃபரை ஹெக்ஸில் அச்சிட்டு, தவறு தொடங்கும் இடமும் முடியும் இடமும் எதன் மடங்கு என்று பாருங்கள். 64-ன் மடங்கு என்றால் கேஷ், 4096-ன் மடங்கு என்றால் பேஜ் மேப்பிங். எந்த டிபக்கரும் இல்லாமல் ஒரே பார்வையில் பாதித் தேடல் குறைந்துவிடும்.

விமலாக்: முதல் 4096 பைட் சரி, அதற்குப் பிறகு யாருடையதோ டேட்டா. இந்த அறிகுறி வந்தால் முதல் பேஜின் ஃப்ரேம் எண்ணை எடுத்து முழு அளவையும் ஒரே ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச்சில் போட்டிருக்கிறார்கள். விமலாக் மெமரி விர்ச்சுவலாகத்தான் தொடர்ச்சி, ஃபிசிக்கலாக அங்கொன்றும் இங்கொன்றும் கிடக்கும். விமலாக்_யூசர் மூலம் வாங்கி ரீமேப்_விமலாக்_ரேஞ்ச்சால் கொடுங்கள், வெறும் விமலாக்கால் வாங்கியதைக் கொடுத்தால் அது ஈஇன்வால் சொல்லும். விமலாக்_யூசர் பூஜ்யமாக்கியும் தருகிறது, பழைய கெர்னல் டேட்டா யூசர் கைக்குப் போகாது.

கேமலாக் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. எம்மேப் பேஜ் கணக்கில்தான் கொடுக்கும். நீங்கள் 200 பைட் பஃபரைக் கொடுத்தாலும் யூசருக்கு முழு பேஜும் தெரியும், அதே பேஜில் கெர்னலின் வேறு பகுதிகள் வாங்கிய பொருள்கள் உட்கார்ந்திருக்கும், அவற்றைப் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். விஎம்_இன்சர்ட்_பேஜ் ஸ்லாப் பேஜ்களை (கேமலாக் பயன்படுத்துபவை) மறுத்து ஈஇன்வால் திருப்பும், அது உங்கள் நன்மைக்கு. அதைச் சுற்றிப்போக ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச்சுக்கு மாறிவிடாதீர்கள். அலாக்_பேஜஸ்_எக்ஸாக்ட் மூலம் பேஜாகவே வாங்குங்கள்.

எல்லை சரிபார்ப்பு

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 2012 டிசம்பரில் சாம்சங் எக்ஸினாஸ் 4210, 4412 சிப் உள்ள ஃபோன்களில், கேலக்ஸி எஸ்2, நோட் 2 போன்றவற்றில், எக்ஸினாஸ்-மெம் என்ற டிவைஸ் ஃபைலை எந்த ஆப்பும் திறந்து எந்த ஃபிசிக்கல் மெமரியையும் மேப் செய்யலாம் என்று வெளியானது, சிவிஇ-2012-6422 என்று பதிவாகியிருக்கிறது. ரூட் எடுக்க அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆஃப்செட்டும் அளவும் இரண்டும் யூசர் கொடுப்பவை. இரண்டையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டால் கூட்டல் வழிந்து சின்ன எண்ணாகி உள்ளே வந்துவிடும். முதலில் விஎம்_பிஜிஆஃப் மொத்த பேஜ் எண்ணிக்கையைவிடக் குறைவா என்று பாருங்கள், பிறகு மிச்சம் உள்ள பேஜ்களுக்குள் கேட்ட அளவு அடங்குமா என்று கழித்துப் பாருங்கள். கூட்டலே வேண்டாம். 2013-ல் கெர்னலில் சேர்ந்த விஎம்_ஐஓமேப்_மெமரி இந்தக் கணக்கு முழுவதையும் தானே செய்கிறது, ரெஜிஸ்டர் மேப்பிங்குக்கு அதைப் பயன்படுத்தாமல் இருக்கக் காரணம் தேட வேண்டும்.

மேப்பிங் உயிரோடு இருக்கும்போது மெமரி போய்விட்டால்

ஆரம்பத்தில் சொன்ன, பாதி நாள் கழித்து வேறு ப்ராசஸ் கெட்டுப்போகும் வகை இங்கேதான் பிறக்கிறது. யூசர் பஃபரை மேப் செய்கிறார், பிறகு ஐஓகன்ட்ரோல் மூலம் பஃபரை விடுவிக்கச் சொல்கிறார், டிரைவர் விடுவித்துவிடுகிறது, ஆனால் பேஜ் டேபிளில் பழைய மேப்பிங் அப்படியே இருக்கிறது. ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் பேஜின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைத் தொடாது, அதனால் கெர்னலுக்கு அந்த பேஜை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது, அடுத்து கேட்டவருக்குக் கொடுத்துவிடும். கேஏசான் என்ற மெமரிப் பிழை கண்டுபிடிப்பானை ஆன் செய்தால் பிடிக்கும் என்று நம்பாதீர்கள், அது கெர்னல் கோடின் அணுகலைத்தான் பார்க்கும், யூசர் ப்ராசஸ் பேஜ் டேபிள் வழியாக எழுதுவது அதன் கண்ணில் படாது.

பேஜ் பாய்சனிங் கன்ஃபிக்கோடு கெர்னலைக் கட்டி பேஜ்_பாய்சன்=1 என்று பூட் செய்யுங்கள். விடுவித்த பேஜ் முழுவதும் ஹெக்ஸில் ஏஏ என்ற பைட்டால் நிரப்பப்படும். யூசர் தன் மேப்பிங்கைப் படிக்கும்போது ஏஏ ஏஏ ஏஏ என்று வரிசையாக வந்தால் விடுவித்த பேஜைப் படிக்கிறார் என்று சந்தேகமின்றிச் சொல்லலாம். எழுதினால், அந்த பேஜை அடுத்து யாருக்காவது கொடுக்கும் நேரத்தில் பேஜ்அலாக் மெமரி கரப்ஷன் என்று டிமெஸ்ஜியில் கத்தும். பேஜ்_ஓனர்=ஆன் சேர்த்தால் அந்த பேஜை வாங்கியவர் ஸ்டாக்கும் கிடைக்கும்.

பேட் பேஜ் மேப் என்று தொடங்கும் செய்தி வந்தால் மேலே இருக்கும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம், கீழே வாருங்கள். ஃபைல், ஃபால்ட், எம்மேப் என்று ஒரு வரி இருக்கும், அந்த விஎம்ஏவை உருவாக்கிய டிரைவரின் எம்மேப் ஃபங்ஷன் பெயரே அதில் அச்சாகியிருக்கும்.

பஃபருக்குத் தனி எண்ணிக்கை வைத்து விஎம்ஏவின் ஓப்பன், க்ளோஸ் இரண்டிலும் கூட்டிக் குறைப்பதுதான் வழி. முதல் எம்மேப்புக்கு ஓப்பன் அழைக்கப்படாது, அங்கே நீங்களே கூட்ட வேண்டும். ஃபோர்க் செய்தால் அழைக்கப்படும், மேப்பிங்கின் நடுவில் ஒரு துண்டை மட்டும் மன்மேப் செய்து விஎம்ஏ இரண்டாகப் பிரிந்தாலும் அழைக்கப்படும். ஒரு எம்மேப்புக்கு ஒரு க்ளோஸ்தான் வரும் என்று நினைத்து எழுதிய டிரைவர் இந்த இரண்டாவது சோதனையில் கண்டிப்பாக மாட்டும், இரண்டு வரியில் எழுதிவிடலாம், எழுதிப் பாருங்கள்.

வெளியே இருந்து வாங்கிய பழைய டிரைவர் கோடு 6.3 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னலில் விஎம்_ஃபிளாக்ஸுக்கு மதிப்பு கொடுக்கும் வரியில் கம்பைல் ஆகாமல் நின்றால் கவலை வேண்டாம், அதை இப்போது நேரடியாக மாற்ற முடியாது, விஎம்_ஃபிளாக்ஸ்_செட், விஎம்_ஃபிளாக்ஸ்_க்ளியர் என்று மாற்றினால் போதும். காஸ்ட் போட்டு ஏமாற்றாதீர்கள்.

கோளாறு என்று நினைத்துப் பலர் தேடும் இரண்டு விஷயங்கள் கோளாறே இல்லை. ஜிடிபி டிபக்கரில் மேப் செய்த ரெஜிஸ்டரைப் பார்க்க முயன்றால் அணுக முடியவில்லை என்று சொல்லும், ப்ரோகிராம் மட்டும் நன்றாகப் படிக்கும். டிரைவரின் விஎம்_ஆப்ஸில் ஆக்சஸ் என்ற இடத்தில் ஜெனரிக்_ஆக்சஸ்_ஃபிஸ்ஸைப் போட்டால் ஜிடிபிக்கும் தெரியும். அதேபோல ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச்சால் வந்த பஃபரை ஓ_டைரக்ட் (கெர்னல் கேஷைத் தவிர்க்கும் ஃபிளாக்) போட்டுத் திறந்த ஃபைலில் எழுதினால் ஈஃபால்ட் வரும், அந்த வகை மேப்பிங்கின் பேஜ்களைக் கெர்னல் நகராமல் பிடித்து வைக்காது. அது வேண்டும் என்றால் நிஜ பேஜ்களை விஎம்_இன்சர்ட்_பேஜ் வழியாகக் கொடுங்கள்.

கடைசியாக டிவைஸைக் கழற்றும் சோதனை. ஒரு ப்ராசஸ் மேப்பிங்கைப் பிடித்துக்கொண்டு நொடிக்கொருமுறை படித்துக்கொண்டிருக்கட்டும், இன்னொரு டெர்மினலில் சிஸ்எஃப்எஸ்ஸின் அன்பைண்ட் ஃபைலில் டிவைஸ் முகவரியை எழுதுங்கள். டிவைஸ் ஃபைல் திறந்திருப்பதால் டிரைவரின் ரிலீஸ் ஃபங்ஷன் ஓடாது, ஆனால் ரிமூவ் ஓடிவிடும், அதனால் சுத்தம் செய்யும் பொறுப்பு ரிமூவுக்குத்தான். அங்கே அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச்சை அழைத்து எல்லா ப்ராசஸில் இருந்தும் பேஜ் டேபிள் பதிவுகளை நீக்கிவிட்டு, இனி வரும் எம்மேப்புகளை மறுக்க ஒரு ஃபிளாக்கையும் வைத்த பிறகே பகுதியை விடுவியுங்கள். சரியாக எழுதியிருந்தால் படித்துக்கொண்டிருந்த ப்ராசஸ் அடுத்த நொடியில் சிக்பஸ் வாங்கும். தொடர்ந்து மதிப்புகளைப் படித்துக்கொண்டே இருந்தால் நீக்கம் நடக்கவில்லை, பழைய மேப்பிங் இன்னும் அங்கேயே இருக்கிறது.